நான்காம் தசமத்தில் ஒரு கடல்

எங்கள் வீட்டு வாசற்கதவு ஆடிக்காற்றில் அடித்துக்கொள்ளாதிருக்க, அதன் அடியில் ஒரு கல் கிடக்கும். கல் என்று நாங்கள் சொன்னோமே தவிர, அது நான்கைந்து சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போன கட்டி. அரியலூரை அடுத்த சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில் துளைபோடும் எந்திரத்தில் வேலை பார்த்த என் தந்தை, வெடிவைத்த மறுநாள் சரிந்துகிடந்த கற்குவியலிலிருந்து அதை எடுத்து வந்திருந்தார். ஒவ்வொரு சிப்பியும் உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் மூடிபோலத் தட்டையாக இருக்கும். குவாரியில் இத்தகைய சிப்பிகள் கோடிக்கணக்கில் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவை லாரிகளில் ஏறிச் சிமெண்ட் ஆலைகளுக்குச் சென்றன. தமிழகத்தின் எத்தனையோ வீடுகள் அந்தப் பழங்கடலின் உயிர்களால் கட்டப்பட்டவை என்பதை அன்று நான் அறியேன்.

அவை எவ்வாறு வந்தன என்று சிறுவயதில் கேட்டபோது, “கடல் இங்க இருந்துச்சும்மா, அப்புறம் போயிடுச்சு” என்றார் தந்தை. பழந்தமிழ் நூல்கள் கடல் வந்து நிலத்தைக் கொண்ட கதையைக் கூறும். எங்கள் ஊரின் கதையோ, கடல் நிலத்தை விட்டுச் சென்ற கதை. இன்றைய கடற்கரை எங்களூரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ளது. தந்தை சொன்னது முற்றிலும் உண்மை என்பதைக் கல்லூரியில் நிலவியல் படிக்கச் சேர்ந்த பிறகே உணர்ந்தேன். இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்து விலகியபோது உருவான தாழ்நிலத்தில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கடல் நுழைந்தது. அது விட்டுச்சென்ற படிவுகளை 1860களின் தொடக்கத்தில் ஹென்றி பிளான்ஃபோர்டு ஆராய்ந்து, உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அவற்றில் கிடைத்த உயிர்ச்சுவடுகளை ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா பெரும் தொகுதிகளாக விவரித்து எழுதினார். நத்தைபோல் சுருண்ட அம்மோனைட், ஈட்டிமுனை போன்ற பெலம்னைட், பலவகைச் சிப்பிகள் என அவர் விவரித்தவற்றை இன்றும் உலகெங்கும் ஆய்வாளர்கள் புரட்டிக்கொண்டிருக்கின்றனர். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைத்து நம் பூசையறைகளுக்கு வரும் சாளக்கிராமத்துள் சுருண்டிருப்பதும் அம்மோனைட்டே.

முதுகலை ஆய்வுக்காக நான் தேர்ந்த பொருள், அந்தச் சிப்பிகள் வாழ்ந்த கடல்நீரின் வேதியியல். வற்றிய கடலின் நீரை எவ்வாறு ஆராய்வது? கடல்நீர் போயிற்று, ஆனால், அதைக் கொண்டு கட்டிய ஓடு இருக்கிறது. சிப்பி தன் ஓட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. கால்சியத்தை நீரிலிருந்து எடுக்கும்போது, அதனோடு சிறிதளவு ஸ்ட்ரான்சியத்தையும் சேர்த்தே எடுக்கிறது. தனிம வரிசை அட்டவணையில் கால்சியத்திற்கு நேர்கீழே நிற்பது ஸ்ட்ரான்சியம். குணத்தில் அதற்கு உடன்பிறந்தது போன்றது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்ஷியன் என்னும் சிற்றூரின் சுரங்கக் கனிமத்தில் கண்டறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது. நாம் தீபாவளிக்குக் கொளுத்தும் மத்தாப்பின் செந்நிறத்தைத் தருவதும் இதன் உப்புகளே.

ஸ்ட்ரான்சியத்திற்கு இயற்கையில் 84, 86, 87, 88 என்னும் நிறையெண்களையுடைய நான்கு ஐசோடோப்புகள் உண்டு. நான்கும் நிலையானவை, தாமாகச் சிதைவதில்லை. ஆயினும், 87 மட்டும் புவியில் மெல்ல மெல்லப் பெருகிக்கொண்டே இருக்கிறது. பாறைகளில் உள்ள ருபீடியம் 87 கதிரியக்கத்தால் சிதைந்து ஸ்ட்ரான்சியம் 87 ஆக மாறுவதே காரணம். அதன் அரைவாழ்நாள் ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். பேரண்டத்தின் வயதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இத்துணைப் பொறுமையுடைய கடிகாரம் வேறொன்று அரிது. கிரானைட் போன்ற கண்டப் பாறைகளில் ருபீடியம் மிகுதி. ஆகவே பழைமையான கண்டப் பாறைகளில் 86ஐ நோக்க 87இன் விகிதம் உயர்ந்திருக்கும். கடலடி மலைத்தொடர்களில் புவியின் ஆழத்திலிருந்து எழும் பசால்ட்டில் ருபீடியம் குறைவு. அங்கே அந்த விகிதம் தாழ்ந்து, 0.703 அளவிலேயே நிற்கும்.

கடல் இவ்விரண்டையும் பெறுகிறது. ஆறுகள் கண்டத்தைக் கரைத்துக் கொண்டுவருபவை ஒருபுறம்; கடலடி வெந்நீர் ஊற்றுகள் பசால்ட்டிலிருந்து தருபவை மறுபுறம். இன்றைய கடலில் விகிதம் 0.70918. வங்கக் கடலில் அள்ளினாலும், வட அட்லாண்டிக்கில் அள்ளினாலும் இதே எண்தான். கடலில் கரைந்த ஸ்ட்ரான்சியம் 20 இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல் தங்குகிறது. கடல்நீரோ ஏறத்தாழ ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளில் உலகம் சுற்றிக் கலந்துவிடுகிறது. எனவே, எந்தக் காலத்திலும் திறந்த கடல் முழுவதற்கும் ஒரே எண். அந்தந்தக் காலத்துச் சிப்பி அந்த எண்ணைத் தன் ஓட்டில் அடக்கிக்கொள்கிறது. ஓட்டில் ருபீடியம் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே கோடி ஆண்டுகள் கடந்தாலும் அந்த எண் மாறுவதில்லை. மாறாமலிருக்க வேண்டும் என்று எழுதுவதே சரி. அந்த ‘வேண்டும்’ எனக்குப் புரிய ஓராண்டு ஆயிற்று.

இந்த எண்ணைக் கொண்டு காலத்தை அறியலாம் என்று முதலில் கருதியவர் சுவீடன் நாட்டு அறிஞர் விக்மன். ருபீடியம் சிதையச் சிதையக் கடலின் விகிதமும் சீராக உயர்ந்துகொண்டே வரும். ஆகவே விகிதத்தை அளந்தால் வயது தெரியும் என்று 1948இல் அவர் எழுதினார். எண்ணம் எளிமையானது, அழகானது, ஆனால், பிழையானது. 1970இல் பீட்டர்மேன், ஹெட்ஜ், டூர்ட்லாட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் பல காலத்துச் சிப்பிகளை அளந்தபோது, விகிதம் ஏறவில்லை. நெடுங்காலம் இறங்கிப் பின்னர் ஏறியிருந்தது. 1982இல் பர்க்கும் அவருடைய குழுவினரும் 700க்கும் மேற்பட்ட மாதிரிகளை அளந்து, ஏற்ற இறக்கம் மிக்க ஒரு வளைவரையை வெளியிட்டனர். ஜுராசிக் காலத்தில், ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன், விகிதம் 0.7068 வரை தாழ்ந்திருந்தது. அங்கிருந்து தயங்கித் தயங்கி ஏறி, கடந்த 4 கோடி ஆண்டுகளில் செங்குத்தாக உயர்ந்து இன்றைய எண்ணை அடைந்தது. விக்மனின் கடிகாரம் கடிகாரமாக இல்லை. கண்டங்கள் தேய்ந்த கதையையும், கடலடி பிளந்த கதையையும் சேர்த்துக் கூறும் வரலாறாக இருந்தது. பிழையான கருத்தொன்று இவ்வளவு நல்ல வழியைத் திறந்துவிட்டதைக் காணும்போது, அவரிடம் எனக்கு மதிப்பே மிகுகிறது.

அந்த இறுதி ஏற்றத்தைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். இமயம் எழுந்ததே அதற்குக் காரணம் என்று 1980களின் பிற்பகுதியிலிருந்து பலர் வாதிட்டனர். மலை எழுந்தால் பாறை உடையும், உடைந்தது மழையில் கரையும், சிலிக்கேட் பாறை கரையும்போது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு ஈர்க்கப்படும், புவி குளிரும். ஸ்ட்ரான்சியம் வளைவரை இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. கிருஷ்ணசாமியும் அவருடன் பணியாற்றியோரும் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளின் நீரை அளந்து 1992இல் வெளியிட்ட முடிவுகளும் வியப்பூட்டின. உலக ஆறுகளின் சராசரி விகிதம் 0.711 அளவில் இருக்க, கங்கை நீரில் அது 0.72ஐக் கடந்து நின்றது. ஆனால், கணக்கு அத்துடன் முடியவில்லை. இமயத்தில் உருமாறிய சுண்ணாம்புப் பாறைகளிலும் இந்த உயர்ந்த விகிதம் ஏறியிருந்தது பின்னர்த் தெரிந்தது. சுண்ணாம்புப் பாறை கரைவதால் நெடுங்கால அளவில் காற்றின் கார்பன் டைஆக்சைடு குறைவதில்லை. எனவே, கடலில் விகிதம் உயர்ந்ததைக் கொண்டு மட்டும் புவி குளிர்ந்த காரணத்தைச் சொல்லிவிட முடியாது. எண் ஒன்றுதான்; அதற்குப் பின்னால் நிற்கும் பாறைகள் பல.

கங்கை என்றதும் எங்கள் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரம் நினைவுக்கு வருகிறது. இராசேந்திரன் கங்கை நீரைக் கொணர்ந்து சோழகங்கம் ஏரியை உருவாக்கினான். கங்கையோ, அதற்கும் கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே தன் ஸ்ட்ரான்சியத்தை உலகக் கடல்கள் அனைத்திற்கும் அனுப்பிக்கொண்டிருந்தது.

நான் என் வேலைக்கு வருகிறேன். வீட்டு வாசற்கல்லிலிருந்து ஒரு சிப்பியைப் பிரித்தெடுத்துக் கல்லூரிக்குக் கொண்டுசென்றேன். தந்தை மறுக்கவில்லை, “கதவுக்கு மிச்சம் இருக்கட்டும்” என்றார். பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற நுண்துளைக் கருவியால் ஓட்டைச் சுரண்டி, சில மில்லிகிராம் தூளைச் சேர்த்தேன். தந்தை வாழ்நாளெல்லாம் அதே கல்லில் ஆள் உயரத் துளைகள் போட்டவர். என் துளை கடுகளவு. அந்தத் தூளை மென்மையான அமிலத்தில் கரைத்து, அயனிப் பரிமாற்றப் பிசின் நிரம்பிய சிறு குழாயில் இறக்க வேண்டும். பிசின் ஸ்ட்ரான்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். ருபீடியம் துளியும் எஞ்சக் கூடாது. ருபீடியம் 87உம் ஸ்ட்ரான்சியம் 87உம் நிறையில் ஏறக்குறைய ஒன்றாதலால், கருவியால் அவற்றைப் பிரித்தறிய இயலாது. பிரித்தெடுத்த ஸ்ட்ரான்சியம் கண்ணுக்கே தெரியாத அளவு. அதை மெல்லிய உலோக இழையொன்றின்மீது துளியாக வைத்து உலர்த்தி, நிறை நிறமாலைமானியின் வெற்றிட அறைக்குள் செலுத்தி, இழையைச் செஞ்சூடேற்றுவார்கள். அணுக்கள் அயனிகளாகிப் பறந்து, காந்தப் புலத்தில் நிறைக்கேற்ப வளைந்து, தனித்தனிக் கிண்ணங்களில் விழும். விழுவதை எண்ணினால் விகிதம் கிடைக்கும். அக்கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. வெளிமாநில ஆய்வகம் ஒன்றில் மூன்று நாள் இடம் கிடைத்தது.

என் சிப்பி வந்த சுண்ணாம்புப் படிவு கல்லங்குறிச்சிப் படிவு எனப்படுவது. வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள். அக்காலக் கடலின் விகிதம் 0.7077க்கும் 0.7078க்கும் இடையில் இருக்க வேண்டும். என் சிப்பி 0.708ஐத் தாண்டிக் காட்டியது. வேறுபாடு நான்காம் தசம இடத்தில்தான். கடையில் யாரும் பொருட்படுத்தாத வேறுபாடு. இந்தத் துறையிலோ, ஜுராசிக் காலத் தாழ்விற்கும் இன்றைய உயர்விற்கும் இடையே உள்ள மொத்தத் தொலைவே 0.0024தான். கருவி ஐந்தாம் தசமம்வரை நம்பத்தக்கது. நாள்தோறும் ஓட்டிப் பார்க்கும் நியம மாதிரி 0.71025 என்று தவறாமல் காட்டியது. ஆகவே கருவியைக் குறைசொல்ல வழியில்லை.

அன்றிரவு விடுதியில் உறக்கம் வரவில்லை, மகிழ்ச்சியால்தான். எங்கள் ஊர்க் கடல் உலகக் கடலினின்று ஒதுங்கிய உள்வாங்கிய விரிகுடாவாக இருந்திருக்க வேண்டும். மேற்கிலிருந்து கிரானைட் நிலங்களைக் கரைத்துவந்த ஆறு அதன் விகிதத்தை உயர்த்தியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். எங்கள் ஊருக்கென்று தனிக் கடல்! ஊர் திரும்பிய வாரத்திலேயே அந்த அதிகாரத்தை எழுதி முடித்தேன். ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு மாதங்களே இருந்தன. என் நெறியாளரும் படித்துவிட்டு, சுவையாக இருக்கிறது என்றார்.

ஆய்வகத்தில் எனக்குக் கருவியை இயக்கிக் காட்டிய மூத்த ஆய்வாளருக்கு அந்த அதிகாரத்தை அனுப்பினேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டிருந்தார். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்சியம் உண்டு. ஆற்று நீரில் அதில் நூறில் ஒரு பங்கே உண்டு. அவ்வாறாயின், இந்த விகிதத்தைக் கொண்டுவர எவ்வளவு ஆற்று நீர் கலக்க வேண்டும் என்று கணக்கிட்டாயா? இது முதற்கேள்வி. அந்தச் சிப்பியோடு அதே அடுக்கில் வேறு என்னென்ன உயிர்கள் கிடைத்தன? இது இரண்டாவது.

கணக்கிட்டேன். ஆற்றின் விகிதத்தை 0.715 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு பங்கு கடல்நீருக்கு ஏழு பங்குக்குமேல் ஆற்று நீர் வேண்டியிருந்தது. அது விரிகுடா அன்று, ஏறக்குறைய ஏரி. இரண்டாம் கேள்விக்கு விடை என் கையிலேயே இருந்தது. அதே அடுக்கில் கடல் முள்ளெலியின் ஓடுகளை நானே பொறுக்கியிருந்தேன். நன்னீரில் வாழ இயலாத உயிர் அது. அவை என் மேசை இழுப்பறையில், பெயர் எழுதிய சிறு பைகளில், நான் அந்த அதிகாரத்தை எழுதிய நாளெல்லாம் கிடந்தன.

அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது? இதைத் தேடும்போதுதான் நான் தாண்டிச் சென்ற படி நினைவுக்கு வந்தது. மண்ணுள் புதைந்த ஓடு சும்மா கிடப்பதில்லை. நிலத்தடி நீர் அதன் நுண்துளைகளில் ஊறுகிறது. பழைய கால்சைட்டைச் சிறிது கரைத்து, புதிய கால்சைட்டை அங்கே படியவைக்கிறது. புதியது வரும்போது, நிலத்தடி நீர் களிமண்ணிலும் பழம்பாறையிலும் பெற்ற ஸ்ட்ரான்சியமும் உடன்வருகிறது. வடிவம் மாறாது; வரிகள் மாறா; எண் மட்டும் மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்க வழியுண்டு. ஓட்டை மெல்லிய சீவலாக அறுத்து, எலக்ட்ரான் கற்றையை அதன்மேல் செலுத்தினால், மாறிய பகுதி செம்மஞ்சளாக ஒளிரும். நிலத்தடி நீர் கொண்டுவந்த மாங்கனீசு செய்யும் வேலை அது. மாறாத பகுதி இருண்டே இருக்கும். அளப்பதற்குமுன் செய்ய வேண்டிய சோதனை இது. ஆய்வகத்தில் இடம் கிடைத்த நாள் நெருங்கிவிட்டதென்று அதை நான் செய்யாமல் விட்டேன். நெறியாளர் கேட்டபோது ‘ஓடு பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது’ என்று சொன்னதும் நான்தான்.

எஞ்சிய சிப்பியை அறுத்துப் பார்த்தபோது, நான் சுரண்டிய வெளியடுக்கு அடுப்புத் தணல்போல் ஒளிர்ந்தது. என் தனிக் கடல் அந்த ஒளியில் வற்றிப்போயிற்று. வருந்தினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எழுதிய அதிகாரத்தை அப்படியே விட்டிருந்தால் கேட்பார் யாரும் இல்லை. தேர்வாளர் அந்தச் சீவலைப் பார்க்கப் போவதில்லை. அந்த எண்ணம் ஓரிரு நாள் என்னுள் இருந்தது. பிறகு, அதே சீவலில் கீல் அருகே, ஓட்டின் தடித்த உட்பகுதியில், விரல்நகத்தில் பாதியளவு இருண்ட இடமொன்று தெரிந்தது. அதைக் கண்டபின் அவ்வெண்ணம் நிற்கவில்லை. மாறாத துண்டு அங்கே இருக்கிறது என்று தெரிந்தபிறகு, மாறியதை வைத்துக்கொண்டு எழுத மனம் ஒப்பவில்லை. ஒப்படைக்கும் நாளை ஆறு மாதம் தள்ளிவைக்க விண்ணப்பித்தேன். உதவித்தொகை நின்றது, அந்த ஆறு மாதமும் வீட்டிலிருந்து பேருந்தில் சென்றுவந்தேன்.

அடுத்த முறை ஆய்வகத்தில் ஒரே நாள்தான் கிடைத்தது. இருண்ட இடத்திலிருந்து எடுத்த தூள் 0.7077க்கும் 0.7078க்கும் இடையில் நின்றது. உலக வளைவரை சொன்ன அதே இடம். நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் நகரையொட்டிய சுண்ணப் பாறைகளின் பெயரால்தான் சுண்ணக் காலத்தின் இறுதிப் பகுதி வழங்கப்படுகிறது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும், அவற்றைக் கண்டிராத எங்களூர்ச் சிப்பிகளும் ஒரே எண்ணைத் தம்முள் வைத்திருந்தன. ஆய்வேட்டில் அந்த அதிகாரம் மூன்று பக்கமாகச் சுருங்கிற்று. நீக்கிய பக்கங்களுக்குப் பதிலாக, ஒளிர்ந்த அடுக்கின் படத்தையும் அது தந்த பிழையான எண்ணையும் சேர்த்தேன். தேர்வாளர் மிகுதியாகக் கேள்வி கேட்டது அந்தப் படத்தைப் பற்றியே.

முடிந்ததும் எஞ்சிய சிப்பித் துண்டை எடுத்துக்கொண்டு வீடு சென்றேன். தந்தை அப்போது ஓய்வுபெற்றிருந்தார். வெளியடுக்கு ஓர் எண்ணையும் உட்பகுதி வேறோர் எண்ணையும் தந்த கதையைத் திண்ணையில் அமர்ந்து கேட்டார்.

“அப்ப மேல்தோலு பொய் சொல்லுச்சா?”

“பொய் இல்லப்பா. அது கிணத்துத் தண்ணியப் பத்திச் சொன்னுச்சு. நான் கடலப் பத்திக் கேட்டேன்.”

அவர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழவழப்பாக அறுத்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். “முப்பது வருசம் இதுல துளை போட்டேன். உள்ள இப்படி வரி வரியா இருக்கும்னு பாத்ததில்ல” என்றவர், குனிந்து அதை வாசற்கல்லின் அருகே, அது முன்பு ஒட்டியிருந்த பக்கத்தில் பொருத்திவைத்தார். கதவை ஒருமுறை இழுத்து ஆட்டிப் பார்த்தார். நின்றது.